எதால் வகுத்தீர்கள்?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். கடிதம் கொஞ்சம் நீளம். இடம் போதாமல் வெட்டுவதானால் என் சொந்தக் கதையை வெட்டுங்கள், கணக்கில் கை வைக்காதீர்கள்.

என் பேத்தி ஏழாம் வகுப்பு படிக்கிறாள். போகி முடிந்த வாரம் தங்கள் அறிவியல் பக்கத்தில் புகையையும் கரித்துகளையும் பற்றி அரைப்பக்கக் கட்டுரை வந்ததல்லவா, அதைக் கத்தரித்துப் பள்ளி ப்ராஜெக்ட் நோட்டில் ஒட்டியிருந்தாள். கட்டுரையில் இருந்த படத்தைப் பெரிதாக்கி ஸ்கெட்ச் பேனாவால் எதிர்ப்பக்கத்தில் வரைந்தும் வைத்திருந்தாள். மூன்று பட்டைகள். ஒன்றைவிட ஒன்று குட்டை. அடியில் குண்டு குண்டான எழுத்தில், “கரியின் மேல் பூச்சு ஏற ஏற அது வெளிச்சத்தை உறிஞ்சுவது குறையும்” என்று எழுதியிருந்தாள். தப்பு என்றேன். “பாட்டி, பேப்பர்லயே போட்டிருக்கு” என்றாள். அதற்குமேல் அவளிடம் வாதாட முடியாது. அதனால்தான் தங்களிடம் வருகிறேன்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டதற்கு வேறொரு காரணமும் உண்டு. அதே படத்தை, அதே தப்போடு, 1988-இல் நானே வரைந்திருக்கிறேன்.

முதலில் சின்ன விஷயத்தை முடித்துவிடுகிறேன். கட்டுரையில் இரண்டு இடத்தில் ‘மை கோட்பாடு’ என்று அச்சாகியிருக்கிறது. அவர் பெயர் மை இல்லை, மீ. குஸ்தாவ் மீ, உருண்டையான துகளில் வெளிச்சம் பட்டால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்ட ஜெர்மானியர். விளக்குக் கரியில் செய்வதுதானே மை, கரியைப் பற்றிய கட்டுரைக்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது என்று சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் பிப்ரவரி 28 வந்தால் சர் சி.வி. ராமனைப் பற்றித் தவறாமல் எழுதுகிறீர்கள், ஒளிச்சிதறலில் பாதிக்கணக்கைப் போட்டுத் தந்த மீயின் பெயர் எனக்குத் தெரிந்து இப்போதுதான் முதல்முறையாகத் தங்கள் தாளில் வருகிறது. வரும்போது சரியாக வரலாமே.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். விறகடுப்பிலிருந்தும் டீசல் என்ஜினிலிருந்தும் எரியும் டயரிலிருந்தும் கிளம்பும் கரித்துகள் காற்றில் சும்மா மிதப்பதில்லை. சில மணி நேரத்திலிருந்து சில நாளுக்குள் அதன்மேல் சல்பேட், நைட்ரேட், கரிமப் பொருள், ஈரம் எல்லாம் படிந்துவிடும். உள்ளே கறுப்புக் கரு, வெளியே கிட்டத்தட்டக் கண்ணாடி போன்ற உறை. தங்கள் கட்டுரையாளர் இதைத் தெளிவாக எழுதியிருக்கிறார். அடுத்த வரியில்தான் சறுக்கிவிட்டார். உறை ஏறிய கரி குறைவாக உறிஞ்சும், ஆகவே பழைய புகை காற்றைக் குறைவாகச் சூடாக்கும் என்கிறார். நடப்பது நேர் எதிர். உள்ளே இருக்கும் கரி அதே கரிதான், எடை ஒரு இம்மியும் கூடவில்லை. ஆனால் உறை ஏறியதும் அது முன்னைவிட அதிக வெளிச்சத்தை விழுங்குகிறது.

இது எப்படி என்பதற்குப் பள்ளிக்கூட வாசல் பெட்டிக்கடைக்குப் போனால் போதும். உப்புத் தண்ணீரில் ஊறும் நெல்லிக்காயைக் கண்ணாடி பாட்டிலில் வைத்திருப்பார்கள். வெளியிலிருந்து பார்த்தால் ஒவ்வொன்றும் எலுமிச்சை அளவு தெரியும். காசைக் கொடுத்துக் கையில் வாங்கினால் சுண்டிப்போயிருக்கும். எத்தனை முறை ஏமாந்திருக்கிறோம்! வளைந்த பாட்டிலும் தண்ணீரும் சேர்ந்து லென்ஸாகி, நடுவில் இருக்கும் காயைக் குறுக்குவாட்டில் சுமார் 1.33 மடங்கு அகலமாக்கிக் காட்டுகின்றன. 1.33 என்பது தண்ணீரின் ஒளிவிலகல் எண், அதாவது வெளிச்சத்தை அது எவ்வளவு வளைக்கும் என்பதன் அளவு. காய் பெரிதாகத் தெரிகிறது என்றால் என்ன பொருள்? சும்மா இருந்திருந்தால் காயைத் தொடாமல் பக்கத்தில் போயிருக்கும் கதிர்களும் இப்போது வளைந்து காயின் மேல் விழுகின்றன என்று பொருள். பாட்டில் உருளை வடிவம், அதனால் அகலம் மட்டும் கூடுகிறது. முழு உருண்டையாக இருந்தால் நீளவாட்டிலும் கூடும்: 1.33 × 1.33, அதாவது 1.77 மடங்கு பரப்பு. உறையின் ஒளிவிலகல் எண் 1.5 என்றால் 2.25 மடங்கு. நெல்லிக்காயின் இடத்தில் கரியை வையுங்கள். அவ்வளவுதான்.

அவ்வளவுதான் என்று சொன்னாலும் அவ்வளவு இல்லை. நெல்லிக்காய்க்குக் கதிர் வரைந்து காட்டலாம். கரித்துகளின் விட்டம் 150 நானோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம், பச்சை வெளிச்சத்தின் அலைநீளம் 550. அலையைவிடத் துகள் சின்னது. அங்கே கதிர் என்ற பேச்சே எடுபடாது. வெளிச்சத்தை மின்காந்த அலையாகக் கணக்கிடும் மாக்ஸ்வெல் சமன்பாடுகளை உருண்டைக்குத் தீர்த்தாக வேண்டும். கணினி தேவைப்படுவது அதற்குத்தான்.

இப்போது அந்தப் படத்துக்கு வருகிறேன். பட்டைகளின் பக்கத்தில் ‘உறிஞ்சும் திறன்’ என்று போட்டிருக்கிறது. வம்பு அங்கேதான் தொடங்குகிறது. ஆராய்ச்சிக் கட்டுரைகளில் எஃபிஷியன்சி என்று ஒரு எண் வரும். கணினி நிரல்கள் அதைத்தான் கக்கும். துகள் மொத்தம் எவ்வளவு பரப்பில் விழும் வெளிச்சத்தை உறிஞ்சுகிறது என்று பார்த்து, அதைத் துகளின் நிழல் விழும் பரப்பால் வகுத்தால் கிடைப்பது அந்த எண். எந்தத் துகளின் நிழல்? உறையோடு சேர்ந்த முழுத் துகளின் நிழல். உறை தடிக்கத் தடிக்க நிழல் பெரிதாகிறது, வகுக்கும் எண் பெரிதாகிறது, விடை சிறிதாகிறது. தமிழில் ‘திறன்’ என்று போட்டதும் வாசகர் அதை ‘எவ்வளவு உறிஞ்சுகிறது’ என்று படித்துவிடுகிறார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. வீட்டு வருமானம் ஏறத்தாழ இரண்டு மடங்காகி, வீட்டில் ஆள் நாலு மடங்கானால் தலைக்கு வருமானம் பாதியாகும். அதை வைத்து வீடு ஏழையாகிவிட்டது என்று எழுதலாமா?

பேத்தியும் நானும் உட்கார்ந்து தங்கள் படத்தையே எடுத்துக் கணக்குப் போட்டோம். கரியின் விட்டம் மூன்றிலும் 150 நானோமீட்டர்தான். முதல் பட்டை உறையில்லாதது, உயரம் 1.1. இரண்டாவதில் உறையோடு விட்டம் 200, உயரம் 0.8. மூன்றாவதில் 300, உயரம் 0.5. எல்லாம் அச்சான படத்திலிருந்து ஸ்கேல் வைத்துப் படித்தது, தோராயம்தான். வகுத்ததைத் திரும்பப் பெருக்க வேண்டும். 200-ஐ 150-ஆல் வகுத்து வர்க்கம் எடுத்தால் 1.78. அதை 0.8-ஆல் பெருக்கினால் 1.42. 300-க்கு விட்டம் இரண்டு மடங்கு, பரப்பு நாலு மடங்கு, 0.5 × 4 = 2.0. ஆக 1.1, 1.42, 2.0. அவள் புதிதாக மூன்று பட்டைகள் வரைந்தாள். இந்த முறை ஏறுகின்றன. கரி ஒன்றேதான், உறிஞ்சுவது 1.8 மடங்கு. தங்கள் படத்தில் இருந்த எண்களில் தப்பே இல்லை, ஆசிரியர் அவர்களே. அவற்றின் கீழே எழுதிய வாக்கியம்தான் தப்பு.

இனி என் கதை. 1988-இல் எனக்கு 27 வயது. அரசுக் கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டே எம்.ஃபில். செய்தேன். மூன்று வயது மகளை அம்மாவிடம் விட்டுவிட்டு சனி, ஞாயிறு பஸ் பிடித்துப் பல்கலைக்கழகக் கணிப்பொறி மையத்துக்குப் போவேன். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு ஏசி அறைக்குள் நுழையும்போது கோயிலுக்குள் போகிற மாதிரியே இருக்கும். மொத்தம் நாலு பிசி, எனக்கு வாரத்துக்கு இரண்டு மணி நேரம். ஐந்தேகால் அங்குல ஃபிளாப்பியை நோட்டுப் புத்தகத்துக்குள் வைத்து எடுத்துப் போவேன். ஒருமுறை மழையில் நனைந்துவிட்டது. அந்த மாத வேலை போயிற்று.

கைடு கொடுத்த தலைப்பு: உறை பூண்ட கரித்துகளில் ஒளி உறிஞ்சலும் சிதறலும். ஒற்றை உருண்டைக்கான கணக்கை மீ 1908-இல் முடித்துவிட்டார். கிரைஃப்ஸ்வால்டில் இருந்தபோது, தங்கத்தை நுண்துகளாகத் தண்ணீரில் கரைத்தால் ஏன் மாணிக்கச் சிவப்பாகத் தெரிகிறது என்று கேட்டுக்கொண்டு தொடங்கியவர் அவர். டென்மார்க்கின் லோரென்ஸ் 1890-லேயே இதற்குச் சமமான கணக்கைப் போட்டிருந்தார், டேனிஷ் மொழியில் வெளியிட்டதால் வெளியே அதிகம் தெரியாமல் போய்விட்டது. தமிழில் அறிவியல் எழுதுகிறவர்களுக்கு அந்த வருத்தம் புரியும். கருவும் உறையுமாக இரண்டு அடுக்கு உள்ள உருண்டைக்குத் தீர்வு கிடைக்க 1951 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஏடன், கெர்க்கர் என்ற இருவர் கொடுத்தார்கள்.

யோசனை ரொம்ப அழகானது. உருண்டைக்கு ஏற்ற அலைவடிவங்களின் கூட்டலாக வெளிச்சத்தை எழுதிக்கொள்வது, வீணைத் தந்தியின் ஒலியை அடிப்படைச் சுருதியும் மேற்சுருதிகளுமாகப் பிரிக்கிறோமே, அந்த மாதிரி. ஒவ்வொரு வடிவத்துக்கும் தெரியாத எண்கள் எட்டு: கருவுக்குள் இரண்டு, உறைக்குள் நாலு, வெளியே சிதறிப்போகும் அலைக்கு இரண்டு. உறைக்குள் மட்டும் ஏன் நாலு என்றால், அங்கே அலை உள்நோக்கியும் போகும், கருவில் பட்டுத் திரும்பியும் வரும். சமன்பாடுகளும் எட்டு: கருவும் உறையும் தொடும் இடத்தில் நாலு, உறையும் காற்றும் தொடும் இடத்தில் நாலு. மின்புலமும் காந்தப்புலமும் எல்லையில் ஒட்டுப்போடாமல் தொடர வேண்டும் என்பதே அந்த எட்டும் சொல்வது. தீர்த்துவிட்டால் வெளியே போகும் அலை கிடைத்துவிடும். அதிலிருந்து, ஒளிக்கற்றை மொத்தம் இழந்தது எவ்வளவு, அதில் சிதறியது எவ்வளவு என்று இரண்டு கூட்டல். முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் உறிஞ்சியது.

எத்தனை வடிவம் வரை கூட்டுவது? விஸ்கோம்ப் என்ற அமெரிக்கர் 1980-இல் ஒரு கைக்கணக்கு கொடுத்தார். துகளின் சுற்றளவை அலைநீளத்தால் வகுத்து ஒரு எண் எடுத்துக்கொள்ளுங்கள், அதன் கனமூலத்தை நாலால் பெருக்கிக் கூட்டுங்கள், மேலும் இரண்டு சேருங்கள். 300 நானோமீட்டர் துகளுக்கு எட்டே எட்டு போதும். 20 மைக்ரான் மேகத்துளிக்கு 135 வேண்டும். எனக்கு எட்டு போதும் என்பது அப்போது உறைக்கவில்லை. அதிகம் போட்டால் துல்லியம் கூடும் என்று இருபது போட்டேன். விடை லட்சக்கணக்கில் வந்தது. ஒரு கரித்துகள் தன் நிழலைப்போல் பல லட்சம் மடங்கு வெளிச்சத்தைத் தின்கிறதாம்.

ஏன் என்பதை உங்கள் வாசகர்களே கைபேசியில் பார்க்கலாம். உருண்டைக் கணக்கில் பெஸ்ஸல் சார்புகள் என்ற எண்வரிசை வரும். முதல் இரண்டு தெரிந்தால் மற்றதை ஏணிப்படிபோல ஏறலாம். துகளின் அளவெண் (சுற்றளவை அலைநீளத்தால் வகுத்து எடுத்தோமே, அந்த எண்) 1 என்று வைத்து, ஏழு தசம இடத்தோடு நிறுத்துங்கள், அன்றைய ஃபோர்ட்ரான் என்ற நிரல்மொழியில் சாதாரண எண்ணுக்கு ஏறக்குறைய அவ்வளவுதான் இடம். முதல் எண் 0.8414710, இரண்டாவது 0.3011687. அடுத்தது: இரண்டாவதை 3-ஆல் பெருக்கி முதலாவதைக் கழிக்க வேண்டும், 0.0620351. அதற்கடுத்தது 5-ஆல் பெருக்கி முந்தையதைக் கழித்தால் 0.0090068. பிறகு 7: 0.0010125. பிறகு 9: 0.0001057. பிறகு 11: 0.0001502. குறைந்துகொண்டே வந்தது கடைசியில் ஏறிவிட்டது பாருங்கள். அந்தக் கடைசி எண்ணின் உண்மை மதிப்பு சுமார் 0.0000072. இருபது மடங்கு தப்பு! யாரும் எங்கேயும் தவறாகப் பெருக்கவில்லை, தவறாகக் கழிக்கவில்லை. தொடக்க எண்கள் இரண்டின் எட்டாவது இடத்தில் நறுக்கிவிட்ட துணுக்கு ஒவ்வொரு படியிலும் 3, 5, 7, 9, 11 என்று பெருகிக்கொண்டே வந்துவிட்டது. இன்னும் பத்துப் படி ஏறினால் லட்சம் என்ன, கோடியைத் தாண்டும்.

மருந்து என்னவென்றால், மேலிருந்து இறங்குவது. தேவைக்கு மேலே பத்துப் படி தள்ளி நின்று, வாய்க்கு வந்த ஒரு சின்ன எண்ணை வைத்துத் தலைகீழாக இறங்கினால் அதே தப்பு ஒவ்வொரு படியிலும் தேய்ந்துகொண்டே வரும். கீழே வந்து சேர்ந்ததும் தெரிந்த முதல் எண்ணோடு ஒப்பிட்டு மொத்தத்தையும் சரிக்கட்டிவிடலாம். மில்லர் என்ற கணிதர் சொன்ன வழி. வாய்க்கு வந்த எண்ணில் தொடங்கிச் சரியான விடைக்கு வருவதை என் அம்மாவிடம் சொன்னபோது, “உன் கல்யாணப் பேச்சும் அப்படித்தான் தொடங்கிச்சு” என்றார்.

அதைச் சரிசெய்த பிறகு வந்தது அடுத்த கூத்து. உறிஞ்சல் மைனஸில் வந்தது. கரி தன்மேல் விழுந்ததைவிட அதிக வெளிச்சத்தைத் திருப்பித் தருகிறது! கைடு தாளைப் பார்த்துவிட்டு, “சிம்னி விளக்குல எண்ணெயே ஊத்த வேண்டாம் போலிருக்கேம்மா” என்றார். இரண்டு வாரம் தேடினேன். காரணம் ஒரே ஒரு குறி. உறிஞ்சும் பொருளின் ஒளிவிலகல் எண் கலப்பெண்ணாக, அதாவது மெய்ப் பகுதி, கற்பனைப் பகுதி என்று இரண்டு பகுதி உள்ளதாக இருக்கும், அதன் கற்பனைப் பகுதிதான் உறிஞ்சலைச் சொல்லும். கரிக்கு அன்று பலரும் எடுத்துக்கொண்டது மெய்ப் பகுதி 1.75, கற்பனைப் பகுதி 0.44. இந்த 0.44-க்கு முன்னால் ப்ளஸ் போடுவதா மைனஸ் போடுவதா என்பதில் வடகலை, தென்கலை மாதிரி இரண்டு சம்பிரதாயம் உண்டு. ஒளிச்சிதறலுக்கு நூல் எழுதிய வான் டி ஹல்ஸ்ட் வழி வந்தவர்கள் மைனஸ். போரன், ஹஃப்மன் வழி ப்ளஸ். அலை நேரத்தோடு மாறுவதை எப்படி எழுதுகிறோம் என்பதைப் பொறுத்தது, இரண்டுமே சரி, கலக்கக் கூடாது. நான் சூத்திரத்தைப் போரன், ஹஃப்மன் 1983-இல் வெளியிட்ட நூலின் ஜெராக்ஸிலிருந்து எடுத்தேன், எண்ணை மைனஸ் போட்ட வேறொரு அட்டவணையிலிருந்து எடுத்தேன். கலந்துவிட்டேன்.

அன்று கற்றுக்கொண்டதை அப்புறம் என் மாணவிகள் எல்லோருக்கும் சொல்லிவந்திருக்கிறேன். இரண்டு அடுக்கு நிரல் எழுதினால் முதல் வேலையாகக் கருவுக்கும் உறைக்கும் ஒரே எண்ணைக் கொடு, விடை மீயின் ஒற்றை உருண்டை விடையோடு அச்சாகப் பொருந்த வேண்டும். கற்பனைப் பகுதி இரண்டையும் சைபர் ஆக்கு, உறிஞ்சல் சைபர் ஆக வேண்டும். இந்த இரண்டையும் தாண்டாத நிரலிடம் கரியைப் பற்றிக் கேட்காதே. இன்றைக்கு இந்தக் கணக்கு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, இரண்டு அடுக்கு என்ன, எத்தனை அடுக்கு வேண்டுமானாலும் போடலாம், கண்சிமிட்டும் நேரத்தில் விடை வரும். உரசிப் பார்க்கிறவர்கள்தான் குறைந்துவிட்டார்கள்.

எல்லாம் சரியாகி, படமும் வரைந்தாயிற்று. உறையின் தடிமன் எக்ஸ் அச்சில், நிரல் கொடுத்த எண் ஒய் அச்சில். கோடு அழகாக இறங்கியது. “உறை தடிக்கத் தடிக்க உறிஞ்சல் குறைகிறது” என்று முடிவுரையில் எழுதினேன். கைடும் கையெழுத்துப் போட்டுவிட்டார். வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் வயதானவர். ஆய்வேட்டைப் புரட்டிக்கொண்டே வந்து அந்தப் படத்தில் நின்றார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, “எதாலம்மா வகுத்தே?” என்றார்.

வேறு ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு முதலில் கேள்வியே விளங்கவில்லை. பிறகு விளங்கியது. மின்விசிறி சுற்றுகிற சத்தம் இப்போதும் காதில் இருக்கிறது. கரும்பலகைக்குப் போய், தங்கள் படத்துக்கு என் பேத்தி போட்டாளே, அதே பெருக்கலைப் போட்டேன். கோடு ஏறியது. அவர் தலையை ஆட்டிவிட்டு, “முடிவுரையை மாத்திக் கட்டிக் குடு” என்றார். பைண்டிங் செய்த ஐந்து பிரதியையும் பிரித்து ஒரு தாளை மாற்றி ஒட்டினேன்.

ஆகவே தங்கள் கட்டுரையாளர்மீது எனக்குக் கோபம் இல்லை. அவர் தடுக்கி விழுந்த கல்லில் நானும் விழுந்திருக்கிறேன். இன்னொரு கல்லும் பக்கத்திலேயே கிடக்கிறது. உறை ஏறினால் உறிஞ்சல் கூடுகிறது, ஆனால் சிதறல் அதைவிட வேகமாகக் கூடுகிறது. துகள் மொத்தத்தில் வெளுத்துத் தெரியும். வெளுத்ததைப் பார்த்து, உறிஞ்சுவது குறைந்துவிட்டது என்று நினைப்பது இயல்பு. பங்கு குறைந்தது உண்மை, அளவு குறையவில்லை.

பழைய புகை பற்றி அவர் சொன்னதில் ஒரு நியாயமும் இருக்கிறது. உறை ஏறிய கரி தண்ணீரை இழுக்கும், மழையோடு சீக்கிரம் இறங்கிவிடும். வெறும் கரி தண்ணீரோடு ஒட்டாது. அதனால் உறை ஏறிய கரி காற்றில் உயிரோடு இருக்கும் வரை அதிகம் சூடாக்கும், ஆனால் அதன் ஆயுசு குறையும். அப்படி எழுதியிருந்தால் நான் கடிதமே எழுதியிருக்க மாட்டேன்.

இந்த 1.8, 2 என்ற எண்கள் உண்மைக் காற்றில் அப்படியே கிடைக்கின்றனவா என்றால், அதில்தான் இருபது வருடத்துக்கும் மேலாகச் சண்டை. 2001-இல் ஸ்டான்ஃபோர்டின் ஜேக்கப்சன் கருவும் உறையுமான கணக்கைப் போட்டு, கரியின் சூடாக்கும் வலு அதுவரை நினைத்ததைவிட அதிகம் என்றார். 2006-இல் டாமி பாண்ட், கஸாலா ஹபீப், பெர்க்ஸ்ட்ரோம் மூவரும் நிதானமாகப் பார்த்து, வயதான புகைக்கு 1.5 மடங்கு என்று வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். 2012-இல் காப்பா குழுவினர் கலிஃபோர்னியாவில் காற்றையே உறிஞ்சி, துகளைச் சூடாக்கி உறையை உரித்து, முன்னும் பின்னும் அளந்தபோது வெறும் 6 சதவீதம்தான் கூடியிருந்தது. 2016-இல் பெய்ஜிங் காற்றை வைத்துச் செய்த சோதனையில் சுமார் 2.4 மடங்கு. இவ்வளவு வித்தியாசம் ஏன்? உண்மையான கரி உருண்டை இல்லை. புதிதாக வரும்போது சின்னச் சின்ன மணிகள் கோத்த கிளைபோல இருக்கும். உறை ஏறும்போது சுருங்கி உருண்டையாகலாம், ஆகாமலும் போகலாம். சில சமயம் கரி நடுவில் இல்லாமல் ஓரத்தில் துருத்திக்கொண்டிருக்கும். நெல்லிக்காய் பாட்டிலுக்கு வெளியே ஒட்டிக்கொண்டிருந்தால் பெரிதாகத் தெரியுமா? தெரியாது. அதே கதைதான்.

இதெல்லாம் எங்கோ வெளிநாட்டு விவகாரம் இல்லை. 1999-இல் மாலத்தீவின் காஷிதூ தீவில் கருவிகளை வைத்து இந்தியப் பெருங்கடலின் புகைமூட்டத்தை ஒரு பெரிய குழு அளந்தது. முன்னின்றவர்களில் ஒருவர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பட்டம் பெற்ற வீ. ராமநாதன். நம் துணைக்கண்டத்திலிருந்து போன கரியும் மற்ற துகள்களும் கடல்மேல் விழ வேண்டிய வெயிலை வழியிலேயே பிடித்துக்கொண்டு காற்றைச் சூடாக்குவதை அந்த ஆய்வு காட்டியது. அந்தக் கரியில் நம் அடுப்படிக் கரியும் உண்டு. என் அம்மாவின் சமையலறைச் சுவரில் படிந்த கரியைப் பொங்கலுக்குப் பொங்கல் சுண்ணாம்பு அடித்து மறைப்போம், மூன்றே மாதத்தில் திரும்ப எட்டிப்பார்க்கும். சுவரில் ஒட்டாமல் கூரை இடுக்கு வழியாக வெளியே போனது எங்கே போயிற்று என்று அப்போது யாரும் கேட்டதில்லை.

தங்களிடம் கேட்பது ஒன்றே. ‘பிழை திருத்தம்’ என்று மூலையில் இரண்டு வரி போட வேண்டாம். அதே இடத்தில், அதே அளவில், சரியான மூன்று பட்டைகளோடு படத்தை மறுபடி வெளியிடுங்கள். பக்கத்து அச்சில் ‘உறிஞ்சும் திறன்’ என்பதற்குப் பதில் ‘ஒரு துகள் மொத்தம் உறிஞ்சுவது’ என்று போட்டால் போதும், கலைச்சொல்லே தேவையில்லை. என்றைக்கு வெளியாகும் என்று முன்கூட்டித் தெரிவித்தால் உதவியாக இருக்கும். ப்ராஜெக்ட் நோட்டை மாதக் கடைசிக்குள் ஒப்படைக்க வேண்டுமாம். பேத்தி தன் புதிய படத்துக்குக் கீழே அரைப்பக்கம் காலியாக விட்டு, ஓரத்தில் பென்சிலால் “பேப்பர் கட்டிங் ஒட்ட” என்று எழுதி வைத்திருக்கிறாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியை ஒருவர்,
கும்பகோணம்